ஒரு பல் தள்ளி

டீசல் வண்டியாக இருந்தால்
இந்த 'டொக்' யார் காதிலும் விழுந்திருக்காது.
இது கரண்டு வண்டி.
கோட்டையூர் கேட்டில் இடப்பக்கம் ஒடிக்கும்போது
சுண்டுவிரலால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி,
என்றாள் உமையாள்.

தேயாமல் என்ன செய்யும்?
பள்ளத்தூரில் முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் மறுதெரு.
மணி அடித்துவிட்டு நின்றால் போன் வரும்:
'பின்பக்கமா வாங்க.'
ஒரு பார்சலுக்கு நாலு திருப்பம்.

சக்கரங்களை நேராக்கி
ஸ்டியரிங்கை சீட் பெல்ட்டால் கட்டினேன்.
பெடலுக்கு மேல் தலைகீழாகப் படுத்து
கப்ளர் இருந்த இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு.
வியர்வையில் அது அழிந்ததை
புதுசை மாட்டி முறுக்கிய பிறகுதான் பார்த்தேன்.

ஓட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை.
ஆனால் நேர்ரோட்டில் ஸ்டியரிங்
வலப்பக்கம் தலை சாய்த்திருந்தது.
ஒரு பல்.
ஒரே ஒரு பல் தள்ளி.

'பரவாயில்லண்ணே, ஓடுதுல்ல.'
இன்னும் இருபத்தேழு பார்சல் பாக்கி அவளுக்கு.
சாவியை நான் கொடுக்கவில்லை.

போல்ட்டை மறுபடி கழற்றுகையில்
குனிந்து டார்ச் பிடித்தாள், செல்போன் டார்ச்.
நடுவில் அது அடித்தது.
வெளிச்சம் அசையாமல் காதைக் கீழே கொண்டுவந்து
யாரிடமோ சொன்னாள்:
'பின்வாசல்தானே, வர்றேன்.
கொஞ்சம் நேராகட்டும்.'