வரையாட்டுக் கணக்கு

காரையார் சாவடியில் ஒரு பதிவேடு.
பெயர், ஊர், உள்ளே போன நேரம்.
வெளியே வந்த நேரத்துக்கு ஒரு கட்டம், காலியாக.
ரெஜினா, வீரவநல்லூர், காலை 6.10 என்று எழுதினேன்.
எனக்குக் கீழே கிறுக்கிய செல்வின்துரை
மில்லில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தவர்.
பூதத்தான் காணி பேனாவைத் தொடவில்லை.
"நான் உள்ள இருக்கவன்லா.
வெளிய போனாத்தான் எழுதணும்."

மூன்று நாள், இரண்டு கணவாய்,
நடுவில் ஒரு தகரக் குடில்.
வரைபடத்தில் எங்கள் பாதை
சிவப்பு மையில் ஒரு நசுங்கிய முட்டை.

எண்ணுவது என் தொழில்.
கூட்டுறவு வங்கியில் பதினாறு வருடம் காசாளர்.
மாலையில் பத்து ரூபாய் இடித்தாலும்
ஐந்தே முக்கால் பஸ் எனக்கில்லை.
வரையாடு எண்ண ஆள் கேட்டபோது
வேறு தகுதி எதையும் நான் யோசிக்கவில்லை.

ஈத்தைக் காட்டில் வானமே கிடையாது.
அட்டைக்குப் புகையிலைத்தூள் தேய்த்த கால்கள்
தும்மாதது ஒன்றுதான் குறை.
மதியத்துக்குமேல் ஏற்றம்;
ஏற்றம் என்பதும் மரியாதைச் சொல்,
கையால் நடந்தோம்.
முதல் கணவாயில் காற்று
செல்வினின் தொப்பியைக் கேரளத்துக்குக் கொடுத்தது.
ஆடு இல்லை. படிவத்தில் ஒரு கோடு.

இரண்டாம் நாள் இடது முட்டி
தன் பாட்டுக்குப் பேசத் தொடங்கியது.
திரும்பிவிடலாமா என்றேன்.
பூதத்தான் தரையில் ஒரு வட்டம் கீறி
எதிர்ப்பக்கம் குச்சியை ஊன்றினார்.
"இன்னா, இங்க நிக்கோம்.
இப்படிப் போனாலும் அதே தூரம்,
அப்படிப் போனாலும் அதே தூரம்.
அந்தப்பக்கம் தண்ணி உண்டு."

குடிலின் கதவை யானை கொண்டுபோயிருந்தது.
உள்ளே கவிழ்த்த குண்டான்,
அதற்கடியில் உழக்கு அரிசி, உப்பு,
பாலித்தீனில் சுற்றிய தீப்பெட்டி.
யார் வைத்தது என்று கேட்டேன்.
"வந்தவன்" என்றார்.
கஞ்சிக்குக் கருவாட்டைச் சுட்டோம்.
விடியும்முன் செல்வின் தன் பையிலிருந்து
அரிசி அளந்து குண்டானுக்கடியில் வைத்தார்.
உழக்குக்கு மேல் ஒரு பிடி.
நான் எண்ணாமல் இருக்க முயன்றேன்.

அந்த இரவில்தான், வாசல் என்ற ஓட்டை வழியே,
சமவெளி முழுக்க விளக்குகள்.
அது அம்பை, இல்லை கல்லிடைக்குறிச்சி என்று
இரண்டு பேரும் சண்டை போட்டோம்.
தூரத்துக் காற்றாலைகள்
சிவப்பாக இமைத்து இமைத்து
எதற்கும் கருத்துச் சொல்லவில்லை.

மூன்றாம் நாள், இரண்டாவது கணவாய்.
மேகம் வந்து உட்கார்ந்துவிட்டது.
நீட்டிய கையில் விரல் தெரியவில்லை.
அப்போது மேலே ஒரு கல் உருண்டது.
பிறகு இன்னொன்று.
பாறைமேல் குளம்புகள்,
அவசரமில்லாமல், எங்களைச் சுற்றிக்கொண்டு.
ஈரக் கிடாய் வாடை.
காலடியில் புழுக்கை, தொட்டேன், சூடாக இருந்தது.
"ஏழு" என்றார் பூதத்தான், கண்ணை மூடிக்கொண்டு.
"ஒண்ணு குட்டி. ஒண்ணு நொண்டுது."
"எழுதுங்க மேடம்" என்று செல்வின் கிசுகிசுத்தார்.

படிவத்தின் தலைப்பில் அச்சிட்டிருந்தது:
கண்ணால் கண்டவை மட்டும்.

வாடையை எந்தக் கலத்தில் வரவு வைக்க?
நனைந்த தாளில் பென்சில் கிழியும் என்பதால்
மெல்ல, சுற்றி வளைத்து,
தொடங்கிய புள்ளியிலேயே முடித்து
ஒரு பூஜ்யம் போட்டேன்.
அப்போதுதான் பார்த்தேன்,
வரைபடத்தில் இருந்ததும் அதே உருவம்.
பூதத்தான் எதுவும் சொல்லவில்லை.
என்னுடைய பையையும் வாங்கிக்கொண்டு
முன்னால் இறங்கினார்.

சாவடியில் வனவர் படிவத்தைப் புரட்டி
"முட்டையா?" என்று சிரித்தார்.
காலிக் கட்டத்தில் 5.40 எழுதினேன்.
திரும்பிப் பார்த்தால்
பூதத்தான் ஏற்கனவே மரங்களுக்குள்.

திங்கள்கிழமை மாலை
கணக்கு பைசா பிசகாமல் நின்றது.
மேனேஜர் பெட்டகச் சாவியோடு காத்திருக்க,
முட்டியைத் தேய்த்துக்கொண்டே
மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.
ஏழு குறைந்தது.