நட்சத்திரம் தெரியாதவர்கள்

குவீன் ஸ்திரீட் கோவிலில்
அர்ச்சனைச் சீட்டு எழுதும் பெண்
நிமிராமல் கேட்டாள்:
பேர், ராசி, நட்சத்திரம்.

சூய் லின், என்றேன்.
பேனா நின்றது.

ராசி தெரியாது. எலி வருஷம் என்று ஒருமுறை சொன்னாள்.
டத்தோ கிராமாட் சாலையில், டயர் கடைக்கு மேலே,
ரப்பர் நாற்றம் படியேறி வரும் கிளினிக்கில் நர்ஸ்.
என் கையில் பட்டையைச் சுற்றும் முன்
சூடா மாக்கான்? என்று கேட்டவள்.
இல்லை என்றதும் தன் டப்பாவைத் திறந்து
பாதி மீகூன் தந்தவள்.

சாமி பேருக்குப் போட்டுடலாம்க்கா.
வேண்டாம். அவள் பேருக்கே.

அடுத்து ஞானசௌந்தரி.
ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்,
நட்சத்திரம் கேட்டால் சிரிப்பார்.
கணவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று
பெரிய ஆஸ்பத்திரியில் என் பாரத்தைத் திருப்பித் தள்ளிய மேசைமேல்
தன் கைப்பையை வைத்து,
வால்வு சுருங்கியது இவள் இதயத்தில்,
அவர் இதயத்தில் இல்லை, என்றார்.
மாலை நான்கு மணிவரை
அந்தப் பையை அவர் எடுக்கவே இல்லை.

(என் வீட்டுக்காரர் அப்போது
தாய்லாந்து எல்லையில் லாரியோடு இருந்தார்.
கெட்டவர் இல்லை. கைக்கு எட்டாதவர்.)

மூன்றாவது ஒருத்தி. பேரே தெரியாது.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக் கேன்டீனில்
பொதுத்தொலைபேசியில் கேட்டது.
சட்டத்துல இடம் இருக்கும்மா.
உங்க உயிருக்கு ஆபத்துன்னா இருக்கு.
இல்லைன்னு யாராவது சொன்னா
மறுபடி எனக்கே கூப்பிடுங்க.
அதற்குள் இருபது காசு விழுந்து தீர்ந்தது.

குரல் என்று எழுது.

யாருக்கா இவங்கல்லாம்?

பின்னால் வரிசை. யாரோ இருமினார்கள்.
ஐந்தாவதைச் சுமந்திருந்தால் நான் இல்லை,
நாலும் தாயில்லாமல் வளர்ந்திருக்கும்.
அவ்வளவுதான் சொன்னேன்.

சொல்லாதது:
அதன்பிறகு நாற்பது நாள் இந்தத் தெருவை நான் மிதிக்கவில்லை.
பூக்கடைகளுக்குப் பயந்து
சூலியா தெரு சுற்றி பஸ்ஸுக்குப் போனேன்.
பிறகொரு நாள் மழை. ஒதுங்க வேறு கூரை இல்லை.
உள்ளே திரை போடும் நேரம்.
திட்டுவாள் என்று நின்றேன்.
திட்டவில்லை.
ஆறுதலும் சொல்லவில்லை.
எல்லாம் முடிந்து நான் கண் விழித்தபோது
பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு
என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி
சூய் லின் கூடவே இருந்தாளே,
அப்படி இருந்தாள் அம்மன்.

அன்றோடு கேட்பதை விட்டேன்.
வருவேன், உட்காருவேன்.
என் பக்திக்கு இதற்குமேல் விவரம் கிடையாது.
ஐந்தாவதுக்கும் ஒரு விளக்கு வைப்பேன்.
மன்னிப்புக்காக இல்லை;
வந்து போனது என்பதற்காக.

மூன்று சீட்டையும் கிழித்தாள்.
இரண்டைத் தந்தாள்.
மற்றதை விரல் விடவில்லை.
உதடு அசையாமல் கேட்டாள்:
அக்கா, அந்த மாடி இன்னும் இருக்கா?

இல்லை.
டயர் கடை போய் கைப்பேசிக் கடை வந்துவிட்டது.
ஆனால் எண் இருக்கிறது. இப்போது வேறு குரல்.

அவள் பேனாவையே வாங்கி
அந்தச் சீட்டின் முதுகில் எழுதினேன்.
மடித்து, வளையலுக்குள் செருகிக்கொண்டாள்.
அடுத்து, என்றாள் வரிசையைப் பார்த்து.

குருக்கள் தட்டை எண்ணினார்.
மூணு தேங்காய், ரெண்டு சீட்டுதானே இருக்கு?
மூன்றாவதை வாயால் சொன்னேன்.
ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு,
குரல் நாமதேயஸ்ய, என்றார் தடுமாறாமல்.
மணி அடித்தது.

ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் இடம் கிடைத்தது.
மடியில் ஆறு மூடித் தேங்காய்.
கனம்தான்.
பக்கத்துச் சீன அம்மாள் நகர்ந்து
பைக்கும் இடம் விட்டாள்.