நிமிரும் நேரம்

இருபது மீட்டர் நடையை
வாரம் ஒருமுறை படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருந்தாள்
பிசியோ பெண், டியான் லிங்.
நான்கு வாரம் அனுப்பினேன்.
"அங்கிள், ஒன்றும் தெரியவில்லை.
ஆடுவது ஆன்ட்டியின் காலா, உங்கள் கையா?"

கடையில் மோட்டார் வைத்தது கிடைக்கிறது,
நூற்று எண்பத்தொன்பது வெள்ளி.
இருபத்தாறு வருடமாக மின்தூக்கிகளுக்கு
எதிர் எடை அடுக்குகிறவன்
ஒரு கைப்பேசியை நிற்கவைக்க
நூற்று எண்பத்தொன்பது வெள்ளி கொடுப்பதா?

நீங்கள் மேலே போகும்போது
சுவருக்குப் பின்னால் ஒன்று இறங்கும்.
பெட்டியின் எடை, அதோடு
வரக்கூடிய ஆட்களில் பாதிப்பேரின் எடை.
யாரும் வராத இரவிலும் அவர்களைச் சுமந்துகொண்டிருக்கும்.
அதையே சின்னதாகச் செய்தால் போதும் என்று நினைத்தேன்.

ஜாலான் புசாரில் அரை அங்குலக் குழாய்,
மூன்று டி-ஜாய்ண்ட்.
ரோஸ்லான் மகனின் உடைந்த ஸ்கேட்போர்டிலிருந்து ஒரு பேரிங்,
கறுப்புக் கிரீஸோடு, நாசி லெமாக் காகிதத்தில் பொதிந்து.
கைப்பிடிக்கும் தண்டுக்கும் நடுவே
ஸ்பேனர் பெட்டியின் யூனிவர்சல் ஜாய்ண்ட்
(கம்பெனியுடையது. திருப்பி வைத்துவிடுவேன்).
அடியில் வாஷர்கள்.

ஒன்பது வாஷர்: கைப்பேசி தலைகுப்புறக் கவிழ்ந்து
ரசத்தில் மூக்கை நனைத்தது.
இருபது: மணியின் நாக்குப்போல
ஓயாமல் ஆடியது.
பதினாலு போட்டு,
குறுக்கே படுக்கவைத்து, விட்டேன்.
ஒன்று. இரண்டு. அரை.
யாரும் அவசரப்படுத்தாத ஒருவர்
தூங்கி எழுவதுபோல நிமிர்ந்து நின்றது.

"இன்னொரு தடவை" என்றாள் புஷ்பலீலா,
காலை ஸ்டூலில் நீட்டியபடி.
இன்னொரு தடவை.
இன்னொரு தடவை.
பேருந்துப் படியில் அவள் விழுந்த மத்தியானம்
நான் ஒரு மின்தூக்கிக் குழிக்குள் இருந்தேன்.
சிக்னல் கிடையாது.
மேலே ஏறி வந்தபோது
பதினோரு தவறிய அழைப்புகள்.

சனிக்கிழமை காலை, பன்னிரண்டாம் மாடித் தாழ்வாரம்.
மழை விட்டிருந்தது.
கைப்பிடியை முஷ்டியால் பிடித்தேன்,
தண்டை இரண்டே விரலால், தும்பியைப் பிடிப்பதுபோல.
இறுக்கினால் என் கை படத்துக்குள் போய்விடும்.
விட்டால் காற்று திருப்பிக்கொண்டுபோய்
ஈசூன் முழுவதையும் காட்டும்.

கோ ஆன்ட்டியின் கற்றாழைத் தொட்டிகள்,
ஊதுபத்திக் குவளை, ஒற்றைச் செருப்பு,
யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடை
எல்லாம் தண்ணீரில் மிதந்து போவதுபோலப் போயின.
எதுவும் குலுங்கவில்லை.
அவள் மட்டும்
ஒன்றுவிட்டு ஓர் அடியில்
இடப்பக்கம் ஒரு சின்னப் பள்ளத்தில்
இறங்கி ஏறி
இறங்கி ஏறி.

மூன்று முறை பார்த்தாள். பேசவில்லை.
கோப்பியில் ஆடை படிந்தது.
பிறகு சொன்னாள்:
"பழைய வீடியோவுல ரெண்டு பேரும் நொண்டுனோம்.
அதுவே பரவாயில்ல."

வாஷர்களைக் கழற்ற உட்கார்ந்தேன்.
பிடுங்கிக்கொண்டாள்.
"நீங்க நடங்க. நான் எடுக்குறேன்."

எனக்குப் பின்னால் அவள் கால்
இறங்கி ஏறும் ஓசை கேட்டுக்கொண்டே இருந்தது.
படத்தில் அது இல்லை.
கம்பெனியின் ஜாய்ண்ட் அதை விழுங்கியிருந்தது.
எண்ணெய் போட்ட தண்டவாளத்தில் வருவதுபோல
வருகிறது தாழ்வாரம்.
நடுவே ஓர் ஆள்,
கருவிப் பை இல்லாத நாளிலும்
வலது தோள் தாழ்ந்து,
சட்டை பின்பக்கம் வெளியே தொங்க.

"இப்படியா நடக்கிறேன்?"

"தெரியாதா உங்களுக்கு?" என்றவள்
இரண்டையும் டியான் லிங்குக்கு அனுப்பினாள்.