ஊதாக் கரை

பிப்ரவரி.
ஹாப்சலு விரிகுடா ஓர் அடி கனத்துக்கு
உறைந்து கிடக்கிறது.
ரம்பத்தால் அறுத்த சதுரக் குழியில் கறுப்புத் தண்ணீர்,
இறங்க ஒரு மர ஏணி.
தாவெட் செருப்பைக் கழற்றுகிறான்.
குளிர்நீச்சல் சங்கத்து நாள்காட்டியில்
வரும் ஆண்டின் மார்ச் மாதம் அவன்.

என் கையில் ஐம்பத்தெட்டு மில்லிமீட்டர் லென்ஸ்.
என்னைவிட நான்கு வயது மூத்தது.
முன் வளையத்தில் யாரோ ஊசியால் கீறிய ஒற்றை எழுத்து.
தானாகக் குவியத் தெரியாது அதற்கு.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றிவிட்டுத்
திருகுகிறேன்,
உறைந்த தேன் ஜாடியின் மூடிபோல்
யோசித்து யோசித்துத் திரும்புகிறது.

துவாரத்தை முழுதாகத் திறந்து
முதல் படம்.
பெரிதாக்கிப் பார்த்தால்
ஏணிக்குக் கரை போட்டிருக்கிறது.
கிட்டத்துப் படிகளுக்குக் கத்தரிப்பூ நிறத்தில்,
தூரத்துப் படிகளுக்குப் பாசிப் பச்சையில்.
பின்னால் பிர்ச் மரங்களின் மொட்டைக் கிளைகள்
வெள்ளை வானத்தில் ஊதா மையால் எழுதியவை.

தாவெட் பஸ் ஓட்டுகிறவன்.
அவனுக்கு இப்படித்தான் விளக்கினேன்:
வெளிச்சம் ஒற்றுமையான குடும்பம் இல்லை.
கண்ணாடி வரைக்கும்தான் கூட்டாக வரும்.
நீலம் அவசரக்காரி, ஒரு நிறுத்தம் முன்பே குதித்துவிடுவாள்.
சிவப்பு தூங்கிப்போய் ஒரு நிறுத்தம் தாண்டி இறங்குவான்.
சரியான இடத்தில் இறங்கிய பச்சை
பெட்டி படுக்கையோடு நின்று
இருவரையும் திட்டிக்கொண்டிருக்கும்.
"டிரைவர் மேல் தப்பில்லையே?" என்றான்.
இடுப்பளவு தண்ணீரில் இருந்தான் அப்போது.

துவார வளையத்தை நான்கு சொடுக்குத் திருப்பினேன்.
ஓரத்துக் கதிர்களுக்கெல்லாம் கதவு சாத்தியாயிற்று.
கரை மெலிந்து நூலாகி
நூலும் இல்லாமல் போனது.
ஆனால் இதுவரை மங்கலில் கரைந்திருந்த
சங்கத்துக் குப்பைத் தொட்டி
எண்ணும் எழுத்துமாக எழுந்து வந்து நின்றது.
அதற்குள் அவன் முகமும் மாறிவிட்டது.
ஒரு மனிதனைப் பனிநீரில் நிறுத்திவைத்துக்கொண்டு
பரிசோதனை செய்யக் கூடாதுதான்.

நல்ல முகம் முதல் படத்தில்தான் இருந்தது.
அந்த இரவு கணினியில்
ஊதாவை உறிஞ்சும் நகர்த்தியைப் பிடித்து
வலப்பக்கக் கோடிவரை இழுத்தேன்.
ஏணி சுத்தம். கிளைகள் சுத்தம்.
கடற்காகத்தின் இறகுகூடச் சலவைக்குப் போய் வந்ததுபோல்.
அனுப்பிவிட்டுத் தேநீர் போட எழுந்தேன்.

தண்ணீர் கொதிக்குமுன் பதில் வந்தது:
"நான் என்ன, வெந்நீர்த் தொட்டியிலா இறங்கினேன்?"

திரும்பிப் பார்த்தேன்.
உதடுகள் சாம்பல் பூத்துச் சாதுவாக இருந்தன.
ஏணியை இறுக்கிய விரல்களின் நகங்கள்
அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரின் நகங்கள்.
குளிர் எங்கே?
படத்தைவிட்டே போயிருந்தது.
எது கண்ணாடி செய்த பிழை,
எது ரத்தம் பின்வாங்கிய இடம் என்று
அந்த நகர்த்திக்கு என்ன தெரியும்?
அதற்கு இரண்டும் ஒரே நிறம், ஒரே குற்றம்.
கரையைக் கறை என்று படித்துவிட்டு
நானும்தான் இழுத்தேன்.

எல்லாவற்றையும் பழையபடி ஆக்கினேன்.
பிறகு மிகச் சின்னத் தூரிகை எடுத்து
படி படியாக,
கிளை கிளையாக,
அந்த முகத்தின் பக்கம் போகாமல்.
கண்ணுக்கு மேலே ஒரு புருவ முடியில் ஊதா இருந்தது.
லென்ஸா, தாவெட்டா?
பத்து நிமிடம் பார்த்தேன். தெரியவில்லை. விட்டுவிட்டேன்.
இரண்டரை மணிக்கு
காகத்தின் இடது இறக்கையில் பாதியோடு
தூக்கம் வந்துவிட்டது.

டிசம்பரில் நாள்காட்டி அச்சாகி வந்தது.
பனி பனியாகவும்
உதடு குளிராகவும் இருந்தன.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
தாவெட் மட்டும்
பஸ்ஸைக் கிளப்புமுன் கண்ணாடியை இறக்கி,
மார்ச் பக்கத்தின் மூலையில் விரலை வைத்துக்
கேட்டான்:

"இந்தப் பறவைக்குமா
ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்தது?"