எட்டாவது கட்டம்

தேங்காப்பட்டணம் பள்ளி நிக்காஹ் தப்தரில்
எக்காலமும் ஏழு கட்டம்தான்:
மாப்பிள்ளை, பெண், வலி,
சாட்சி இருவர், மஹர், தேதி.

உதுமான் கண்ணு ஆலிம் ஒரு திங்கட்கிழமை
என் அளவுகோலை வாங்கிச்
சிவப்பு மையில் இன்னொரு கோடு கிழித்தார்.
"என்ன எழுதணும் உஸ்தாதே?"
"பெண்வீட்டில் வாங்கினது."

மிம்பரில் ஏறிக் கத்தவில்லை.
வாங்குகிறவர் எழுதிவிட்டு வாங்கட்டும் என்றார்.
ஜும்ஆ முடிந்ததும்
கணக்கன் நான் உரக்க வாசிக்க வேண்டும்.

முதல் மாதம் வாசித்தேன்:
நாற்பது பவன்,
வள்ளத்தில் பாதிப் பங்கு,
தென்னை நிற்கும் பத்து சென்ட்.
மாப்பிள்ளையின் வாப்பா
மறுபடி முகம் கழுவ ஹவுளுக்குப் போனார்.

இரண்டாம் மாதம் கல்யாணங்கள்
ஆறு தாண்டி அடுத்த ஜமாத்துக்குப் போயின.
மணல் மூடிய பொழிமுகம் போலத்
தப்தர் கிடந்தது.
கமிட்டிக்கு வரும்படி இல்லை;
எனக்குச் சம்பளமும் இல்லை.
"கோட்டை அழிச்சிருவோமே" என்றேன்.
கேட்காதவர்போல மதரசாவுக்கு நடந்தார்.
லுஹருக்கும் அஸருக்கும் நடுவே
அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பாகக் கணக்கு:
மவுத்தானவன் சொத்தில்
பெண்டாட்டிக்கு எட்டில் ஒன்று,
உம்மாவுக்கு ஆறில் ஒன்று.
பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு இது என்று
கேட்டவரிடம் சொன்னார்:
"குறைஞ்சா தெரியணும் இல்லா."

நோன்புக்கு முந்தின வாரம்
கரையான் அரித்த பழைய தப்தரை
எடுத்துவரச் சொன்னார்.
அதில் அவர் பெயர்.
ஆசியா பாத்து என்பதற்கு நேரே
ஒரு பெருவிரல் ரேகை.
ஓரத்தில் கோடு கிழித்து அவரே எழுதினார்:
பதினெட்டுப் பவன், இருநூறு ரூபாய்,
வெண்கல உருளி இரண்டு.

வெள்ளிக்கிழமை என் குரல் எழும்பவில்லை.
வாங்கி அவரே வாசித்தார்,
குத்பா ஓதுகிற அதே தொண்டையில்.

மேற்கு மனையையும் மிஸ்ர் அச்சுக் கிதாபுகளையும்
விற்று வந்த பணத்தை எண்ணி
அவளிடம் கொடுக்கும்போது
ரசீது எழுத நான் வாசலில் நின்றேன்.
திரைக்கு உள்ளிருந்து ஆசியா பாத்து சொன்னாள்:
"ஆடு ஒண்ணு விட்டுப்போச்சு.
சினை ஆடு."
ஆலிம் கொஞ்சநேரம் யோசித்தார்.
"ஆமா," என்றார். "கறுப்பு."
திரும்ப எழுத வைத்தார்.
குட்டியையும் சேர்க்கச் சொன்னார்.
ரசீதின் அடியில் ரேகைக்கு மைப்பெட்டியை நீட்டினேன்.
உள்ளேயே தள்ளிவிட்டாள்.
எழுத்துக் கூட்டிக் கூட்டி
அவள் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை
அஸர் பாங்கு கேட்டு ஓய்ந்திருந்தது.

எல்லாரும் திருந்தினார்களா என்றால்
இல்லை.
பாதிப் பேர் ஆறு தாண்டித் திரும்பினார்கள்.
இப்போது எட்டாவது கட்டத்தில்
"இல்லை" என்று அதிகம் எழுதுகிறேன்.
சிலது பொய்; எனக்குத் தெரியும்.
அந்த "இல்லை"யைத் தொண்டைக்குள் வாசிப்பேன்.
மற்றதை
மீன் ஏலக்காரனுக்கும் கேட்கும்படி.