பதினொன்றரை ரியால்

நாற்பது டன் பெட்டியைத் தூக்க
சோஹார் துறைமுகத்தில் எனக்கு
இரண்டு கைப்பிடிகள் போதும்.
இடது கை முன்னும் பின்னும்,
வலது கை மேலும் கீழும்.

கலந்தர் பென்டிரைவில் கொண்டுவந்த
இலவச மென்பொருளைத் திறந்தால்
ஒரு முகத்தின் இருட்டை ஓரங்குலம் தூக்க
எண்பத்து மூன்று பொத்தான்கள்.
இரவு ஷிஃப்ட் முடித்து எண்ணியது,
ஒன்றிரண்டு கூடக்குறைய இருக்கும்.

கேமரா, வேலை முடிந்து ஊர் போன
பிலிப்பினோ வெல்டர் ரொமெல் விற்றது.
அறுபது ரியால். லென்ஸ் மூடி இல்லை.
ஊறுகாய் பாட்டில் மூடி பொருந்திவிட்டது,
முதல் வாரம் எடுத்த கடலெல்லாம்
மாங்காய் வாசம்.

எடுப்பது ஒரு தொல்லையும் இல்லை.
எடுத்ததைப் பார்ப்பதுதான்.
வானமும் தண்ணீரும் ஒரே நிறம்,
சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு
அலம்ப மறந்த எவர்சில்வர் தட்டு.

"மாசம் நாலு ரியாலாமே,
நீ எடுத்த படத்துக்கு நீயே குடிக்கூலியா?"
பிலவேந்திரன் அண்ணன் கேட்டார்.
கட்டாத மாதம் பூட்டிக்கொள்ளுமாம்.
கட்டில் வாடகை கொடுக்கும் ஆளிடம்
கேட்கக்கூடிய கேள்விதான்.

அடுத்தது முப்பது நாள் சும்மா.
முப்பத்தோராம் நாள் காலை
கப்பலே இல்லாத நடுக்கடலில்
தன் பெயரைக் குறுக்கே எழுதிவைத்தது.

ஃபோனில் ஒன்று, தொட்டாலே வேலை முடியும்.
ஷொஃபிக்குலைத் தொட்டது.
நிறத்தை வெளுத்து, தாடை மச்சத்தை விழுங்கி
அனுப்பிய படத்துக்கு
சிட்டகாங்கிலிருந்து அவன் மனைவி
இரண்டே சொல்லில் கேட்டாள்:
இது யார்?

பூட்டு உடைத்தது ஒன்று இருக்கிறது என்றான் கலந்தர்.
இருந்தது.
லேப்டாப் இரண்டு நாள்
தானாகச் சீட்டாடிக்கொண்டிருந்தது.

கடைசியில் பதினொன்றரை ரியால்,
ஒரே தடவை, சாகும்வரை உனக்கு.
பழைய லேப்டாப்பிலும் மூச்சிரைக்காமல் ஓடுகிறது.
எட்டு நகர்த்திகள், அவ்வளவுதான்.
கேம்ப்புக்கும் கேட்டுக்கும் நடுவே
பஸ்ஸில் இரண்டு நாளில் படித்துவிட்டேன்.
தமிழில் பெயர் அடித்தால் மட்டும்
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.
போகட்டும்,
படத்தில் பெயர் எதற்கு.

பங்குனியில் எடுத்த ஒன்றைத் திறந்தேன்.
கீழே லாரி திரும்பும்வரை
பெட்டி பாதியில் தொங்கிய நேரம்,
விதிக்குத் தெரியாமல் கேபினிலிருந்து எடுத்தது.
கப்பலின் மேல்தளம், கருப்பு.
'நிழல்' என்ற நகர்த்தியை
வலது கை பழக்கத்தில்
மெல்ல மேலே ஏற்றினேன்.

கருப்புக்குள் ஒரு ஆள்.

ஆரஞ்சுச் சட்டை. அண்ணாந்து
என்னையே பார்க்கிறான்.
ஒரு கையைத் தூக்கியிருக்கிறான்.

"உனக்கு டாட்டா காட்டுறான்யா"
அண்ணன் சிரித்தார்.
எங்கள் பாஷையில், அண்ணே,
உள்ளங்கை விரித்து ஒரு கை தூக்கினால்
நிறுத்து.

பெரிதாக்கினேன்.
விரல்கள் ஐந்து சதுரங்களாயின,
அப்புறம் மூன்று.
கூர்மை என்ற நகர்த்தியைக் கடைசிவரை தள்ளினேன்.
சதுரங்கள் கூர்மையாயின.

மாதம் நாலு ரியால் கொடுத்திருந்தால்
தெரிந்திருக்குமா என்று
ஒரு கணம் கணக்குப் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை.
பதிவேட்டைப் புரட்டிவிட்டேன்,
இருநூற்றுப் பன்னிரண்டு பெட்டிகள், காயம் இல்லை.

அந்தக் கப்பல்
மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிறது.
இறக்கும் முன்
ஒரு மூச்சு நிறுத்திவைக்கிறேன் இப்போதெல்லாம்.
ரேடியோவில் சூப்பர்வைசர் நாசர்
என்ன ஆச்சு என்கிறார்.
வெயில், கண் கூசுது என்கிறேன்.
இரவு ஷிஃப்டிலும்
ஒருநாள் அதையே சொல்லிவிட்டேன்.