எலுமிச்சைக்குப் போன ஞாயிறு

மூன்று பேருக்கும் ஒரே நாளில் வீக் ஆஃப்,
ஏழு மாதத்தில் இதுதான் முதல்.
ஜெபக்கனி முதல் ஆராதனை முடித்த கையோடு
தம்பியின் பழைய ஆம்னியை எடுத்து வந்தாள்.
ரஹ்மத் மேலப்பாளையம் முக்கில்
இரண்டு சாக்கோடு நின்றாள்.
'சாக்கு எதுக்குட்டி?'
'எலுமிச்சைக்குத்தானே போறோம், கல்யாணத்துக்கா?'

ஆலங்குளம் தாண்டியதும் காற்றாலைகள்.
ஒன்று சுற்ற, ஒன்று நின்றபடியே உறங்க,
நைட் டூட்டியில் எங்களைப் போல.

பாவூர்சத்திரத்தில் ஒரு கிளப்புக்கடை.
பெயர்ப்பலகை இல்லை, புகைதான் விலாசம்.
இலையில் தண்ணீர் தெளிக்கும்போதே
'ரசவடை இன்னும் ஆறுதான் கெடக்கு' என்றார் பரிமாறுகிறவர்.
ஆறையும் வாங்கிக்கொண்டோம்.

வார்டில் நாங்கள் தின்பது
நின்றுகொண்டு, ஆறியதை,
யாராவது கூப்பிட்டால் பாதியில் மூடிவைத்து.
இங்கே ஆவி பறக்கும் இட்லியை
ஊதி ஊதித் தின்ன நேரமிருந்தது.
ஜெபக்கனி ஒன்பது. எண்ணியது நான்.
பக்கத்து மேசையில் ஒருவர் இருமினார்,
மூவரும் ஒன்றாய்த் திரும்பினோம்.
வறட்டு இருமல்தான்.
மறுபடி சட்னியில் கைவைத்தோம்.

தோட்டம் புளியங்குடிக்கு மேற்கே, மலையடியில்.
வெள்ளத்துரை அண்ணாச்சி வரப்பிலிருந்து கை காட்டினார்.
ஆடி மாதம் அவர் வீட்டம்மா
எங்கள் வார்டில் பதினேழு நாள்.
'ஒருநாள் தோட்டத்துக்கு வாங்க சிஸ்டர்.'
வீட்டுக்குப் போகும்போது எல்லோரும் சொல்வதுதான்.
நாங்கள்தான் நிஜமாகவே போய் நின்றோம்.

'வேணுங்கிற மட்டும் பறிங்க.
கிலோ ஒம்பது ரூவா.
ஆள்கூலிக்கே காணாது.
நீங்க பறிச்சா எனக்கு லாபம்.'
சிரிப்பதற்காகத்தான் சொன்னார்.
மரத்தடியெல்லாம் மஞ்சளாய் உதிர்ந்து
ஈரமண்ணில் புளித்துக் கிடந்தது.
ரஹ்மத் செருப்பைக் கழற்றிவிட்டாள்,
மிதிக்க மனசில்லாமல்.

தூரத்தில் எலுமிச்சை மரம் பரம சாது.
கிட்டப் போனால்
பழத்துக்கு ஒரு முள் காவல்.
இழுத்தால் காம்போடு தோல் பிய்கிறது,
திருகினால் உள்ளங்கையில் வந்து உட்கார்கிறது.
நாலு பழம் பாழான பிறகு கைக்குப் பிடிபட்டது.
சிரித்தோம், போட்டோ எடுத்தோம்.
அடுத்த வரிசையில் கூலிப்பெண்கள் இருவர்
ஒரு பேச்சும் இல்லாமல்
எங்களைப் போல் மூன்று மடங்கு நிரப்பினார்கள்.

உள்கிளையில் ஒன்று, கோழிமுட்டை அளவு.
கையை விட்டேன்.
முள் நகத்தடியில் ஏறி ஒடிந்தது.
பத்து வருஷமாய் ஊரையே குத்தியவள்
'ஆத்தாடி' என்று அலறினேன்.

கூலிப்பெண்களில் ஒருத்தி கூடையை இறக்கிவிட்டு வந்தாள்.
தாலிச்சரட்டில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி
தீக்குச்சி கிழித்துக் காட்டினாள்.
'அங்க பாருங்க, மலையில மேகம் எறங்குது.
லேசா எறும்பு கடிச்சாப்ல இருக்கும்.'

அது என் வசனம்.
அந்த இழுவைகூட என்னுடையது.

அப்போதுதான் தெரிந்தது, கூலிக்கு வந்தவள் இல்லை.
பதினாலாம் கட்டில்.
நரம்பு கிடைக்காமல் நான் துளைத்த கை.
கட்டிலும் பாட்டிலும் இல்லாமல்
எனக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை.
தினமும் கேஸ் ஷீட்டில் எழுதிய பெயரை
வெட்கத்தோடு கேட்டேன்.
'பேச்சித்தங்கம்' என்றாள்
முள்ளிலிருந்து கண்ணெடுக்காமல்.
எடுத்ததும் நுனியில் வைத்துக் காட்டினாள்.
'நீங்க நாலு தடவ குத்துனீங்க சிஸ்டர்.
நான் ஒரே தடவதான்.'

ஜெபக்கனி சிரித்த சிரிப்பில்
மரத்திலிருந்த குருவிகள் கிளம்பிப் போயின.

திரும்பும்போது இரண்டு சாக்கும் நிறைந்திருந்தன.
காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.
'இவ்வளவையும் யாருட்டி ஊறுகாய் போடுறது?'
ரஹ்மத் கேட்டாள். பதில் வரவில்லை.
ஆலங்குளத்தில் ஆடு குறுக்கே பாய
ஜெபக்கனி பிரேக்கில் ஏறி நின்றாள்.
சாக்கின் வாய் அவிழ்ந்து
எலுமிச்சைகள் காலடியெல்லாம் உருண்டன,
சீட்டுக்கடியில், கியருக்குப் பக்கத்தில்.
பறித்த களைப்பில்
ஒருத்தியும் குனியவில்லை.